கார் இல்லாதவளுக்கு இரண்டு இடம்

வள்ளிக்கு டிரைவிங் என்றால் பயம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஊர் என்றால், பிளசன்டனிலும் அதை ஒட்டிய நாலைந்து ஊர்களிலும் வீடு வாங்கிக் குடியேறியிருந்த தமிழ்க் குடும்பங்கள். யார் வீட்டுக்கு கிரீன் கார்டு வந்தது, யார் வீட்டு மாமியார் கோபித்துக்கொண்டு டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார் என்பதெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் லிவர்மோர் கோயில் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அப்படித்தான் வள்ளியின் பயமும் போய்ச் சேர்ந்திருந்தது. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள், ஈரோட்டில் காலேஜில் பாடம் எடுத்தவள், இங்கே வந்து எட்டு வருஷமாகியும் ஸ்டீயரிங்கைக் கண்டால் நடுங்குகிறாளே என்று சிரித்தார்கள். நல்ல மனசோடு சிரித்தவர்களும் உண்டு. அவர்கள்தான் அதிகம் படுத்தினார்கள்.

உண்மை வேறு. வள்ளி கார் ஓட்டினவள். 580 ஃப்ரீவேயில் பெரிய பெரிய லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓட்டினவள். 1995இல் ஒரு நாள் மளிகைக் கடையில் பால் எடுக்கக் கையை நீட்டியவள் அப்படியே தரையில் விழுந்து, கை கால் வெட்டி இழுக்க, கண் திறந்து பார்த்தபோது ஆம்புலன்ஸில் இருந்தாள். வலிப்பு. டாக்டர் அவளுக்கு மாத்திரை எழுதினார். அந்த மாநிலத்துச் சட்டப்படி லைசென்ஸ் ஆபீசுக்கும் எழுதினார். லைசென்ஸ் போயிற்று. கொஞ்ச காலம் வலிப்பு வராமல் இருந்தால் திருப்பித் தருவோம் என்றார்கள். திருப்பித் தருகிற நேரம் பார்த்து இன்னொன்று வந்து தொலைத்தது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

அவள் புருஷன் நஞ்சுண்டன், கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், குபெர்டினோவில் சிப் டிசைன் செய்கிற எஞ்சினியர். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அவர்தான் முடிவெடுத்தார். "வெளிய ஆருக்கும் தெரிய வேண்டாம் வள்ளி. நமக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்குது. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா இதத்தான் மொதல்ல கேப்பாங்க." பொம்பளப் புள்ளைக்கு, அதாவது தென்றலுக்கு, அப்போது ஏழு வயசு. இரண்டாம் வகுப்புக் குழந்தையின் கல்யாணத்துக்காக அம்மாவின் வியாதியை மறைத்தாக வேண்டும் என்று கணக்குப் போடுகிற மூளை நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு வரும்? கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொன்னார். "அவளுக்கு டிரைவிங்னாலே பயமுங்க." வலிப்பில் நாக்கைக் கடித்து, வாயெல்லாம் புண்ணாகப் படுத்திருந்த வள்ளியால் அன்றைக்கு எதிர்த்துப் பேச முடியவில்லை.

அதற்கப்புறம் அவள் வாழ்க்கை, அடுத்தவர் காரில் தொற்றிக்கொண்டு போகிற ரைடு வாழ்க்கையாகிவிட்டது. கோயிலுக்கு ரைடு, இந்தியக் கடைக்கு ரைடு, தென்றலின் பள்ளிக்கூட விழாவுக்கு ரைடு. ஒவ்வொரு ரைடுக்கும் பதில் மரியாதை செய்ய வேண்டும். இட்லி மாவு, பருப்புப் பொடி, ஊரிலிருந்து வந்த முறுக்கில் பாதி. ரைடு கொடுப்பவள் இன்னும் நாலு கடை ஏறி இறங்கினால் வாயை மூடிக்கொண்டு கூடவே ஏறி இறங்க வேண்டும். அதிகம் ரைடு கொடுத்தவள் ஸ்வர்ணா, மந்தைவெளிக்காரி, கடகடவென்று பேசுகிறவள், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். கோயில் பார்க்கிங் லாட் காலியாக இருக்கிற நேரம் பார்த்து இறங்கி, சாவியை வள்ளியின் மூக்குக்கு நேரே ஆட்டுவாள்.

"இன்னிக்காவது கைல வாங்கு வள்ளி. சும்மா ஒரு ரவுண்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். என்ன ஆயிடப் போறது?"

"வேண்டாங்க ஸ்வர்ணா. எனக்குப் பயமுங்க" என்று வள்ளி சொல்லுவாள். மூன்று வருஷம் ஃப்ரீவேயில் ஓட்டியவளின் வாயால், புருஷன் தைத்துக் கொடுத்த பயத்தைத் தானே எடுத்து மாட்டிக்கொள்வதைப் போல அவமானம் வேறு இல்லை.

97இல் ரயில் வந்தது. ஃப்ரீவேயின் நடுவே ஸ்டேஷனைக் கட்டி, ஓக்லண்ட் வரைக்கும் வண்டி விட்டார்கள். வள்ளி அடுத்த மாதமே வேலை தேடிப் பிடித்தாள். ஓக்லண்டில் தண்ணீர் பரிசோதிக்கிற ஒரு சின்ன லேப். ஓடைகளிலிருந்தும் சாக்கடை வாய்களிலிருந்தும் பாட்டில் பாட்டிலாக வரும். என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சம்பளம் பெரிதில்லை. ஆனால் ரயிலில் உட்கார்ந்து, யாரிடமும் நன்றி சொல்லாமல், தானாகப் போய்த் தானாக வருகிற சுகம் இருக்கிறதே, அதற்கு அவள் சம்பளமில்லாமலே போயிருப்பாள்.

ஒரே தொல்லை, வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் போவது. காரில் போனால் ஐந்து நிமிஷம். நடந்தால் முக்கால் மணி. அவர்கள் காலனியைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலே ஒரு சுவர், அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பிறகு நடைபாதையே இல்லாத ஒரு ரோடு. பிறகு ஒரு பெரிய வெற்று வயல், ஒரு காலத்தில் வைக்கோல் போட்ட நிலம். நஞ்சுண்டன் விடியுமுன்னே எதிர்த்திசையில் குபெர்டினோவுக்குக் கிளம்பிவிடுவார். பஸ் ஒன்று இருந்தது, அது வந்தால் வரும். வள்ளி நடந்தாள். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். போன டிசம்பரில் ஒரு பிக்கப் வண்டியின் கண்ணாடி அவள் கைப்பையை உரசிக்கொண்டு போயிற்று. ஒரு சாண் தள்ளி உரசியிருந்தால் இடுப்பெலும்பு போயிருக்கும்.

"அடுத்த குளிருக்கு இந்த வேல வேண்டாம். நின்னுக்கோ" என்றார் நஞ்சுண்டன்.

"ஸ்டேஷன் பக்கத்துல ஒரு அப்பார்ட்மென்ட் எடுத்துக்கலாமுங்க" என்றாள் வள்ளி.

அவர் சிரித்தார். நாலு பெட்ரூம் வீட்டை விட்டுவிட்டு அப்பார்ட்மென்ட்டுக்குப் போகிறவன் ஜோக்கில்தான் வருவான் என்று நினைத்துவிட்டார். அவள் ஜோக் அடிக்கவில்லை.

அந்த நிலையில்தான், 99 கோடை முடிகிற சமயம், நகரசபை அந்த வைக்கோல் வயலை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது. தனி வீடு மட்டும் கட்டலாம் என்றிருந்த விதியை மாற்றி, ஸ்டேஷனுக்கு எதிரே நாலு மாடியில் முந்நூறு குடித்தனம் கட்ட அனுமதிக்கலாமா என்று ஊரைக் கேட்டது. வள்ளி செய்தியைப் படித்துவிட்டு, கையில் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். தனக்காகவே யாரோ யோசித்த மாதிரி இருந்தது. மாலை நஞ்சுண்டன் வந்ததும் சொல்லலாம் என்று காத்திருந்தாள். அவர் வந்ததும் வராததுமாக, அந்தக் கட்டடத்தை எதிர்க்கிற கமிட்டிக்குத் தான் செக்ரட்டரி ஆகிவிட்டதாகச் சொன்னார்.

காலனியில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கமிட்டியில் சேர்ந்தார்கள். தலைவி லிண்டா, எதிர் வீட்டுக்காரி, ரியல் எஸ்டேட் வேலை. உள்ளே இருந்த காரணம் வீட்டு விலை. அதைச் சொன்னால் அசிங்கமாக இருக்கும் என்பதால் வெளியே சொல்லச் சுற்றுச்சூழல் தேவைப்பட்டது. காற்று கெட்டுப் போகும், டிராஃபிக் கூடும், ஓடை நிரம்பும். எல்லாம் வாய்ச்சொல்லாகவே நின்றது. பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும். அதை வள்ளியே கொடுத்துவிட்டாள்.

வயலின் கிழக்கு மூலையில் ஒரு மேடு. அங்கே தரை அணில்கள் தோண்டிப் போட்ட வளைகளில் ஆந்தைகள் குடியிருந்தன. ஒரு சாண் உயரம், நீட்டுக்கால். பட்டப்பகலில் வளை வாசலில் நின்றுகொண்டு, போகிறவளை வருகிறவளை ஏற இறங்கப் பார்க்கும். வள்ளி நின்றால் அது தலையை ஒரு பக்கம் சாய்க்கும். முக்கால் மணி நடையில் அவளை ஒரு மனுஷியாக மதித்துப் பார்த்த ஜீவன் அது ஒன்றுதான். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் தென்றலிடம் ஆசையாகச் சொன்னாள், இந்த வருஷம் நாலு குஞ்சு என்று. தென்றல் "கூல், மாம்" என்றாள். நஞ்சுண்டன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய் லிண்டாவுக்குப் போன் பண்ணினார்.

மறு வாரமே சட்டையில் குத்திக்கொள்ள ஆந்தைப் படம் போட்ட பட்டன் வந்துவிட்டது. ஊரில் ஆந்தை அலறினால் சகுனம் கெட்டுப் போயிற்று என்று கல்லெடுத்து அடிக்கிற வம்சம். அந்த வம்சத்து மனிதர் நெஞ்சில் ஆந்தையைக் குத்திக்கொண்டு ஆபீசுக்கே போனார்.

கமிட்டியின் கடைசிக் கூட்டம் வள்ளியின் வீட்டில்தான் நடந்தது, ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கிற நகரசபை விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை. அவள் வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். இருபது பேர் வந்தார்கள், ஏறக்குறைய இருபது காரில் வந்தார்கள். பாதிப் பேர் அதே தெருக்காரர்கள். ஸ்வர்ணா மூன்று தெரு தள்ளி இருப்பவள், நிறுத்த இடமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"பாரு வள்ளி, இப்பவே பார்க்கிங் கிடைக்கல. அந்த முந்நூறு வீடும் வந்துதுன்னா நம்ம கதி என்ன?"

வள்ளி பஜ்ஜித் தட்டை நீட்டினாள். பதில் நாக்கு நுனி வரை வந்தது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்ததால் உள்ளே போய்விட்டாள்.

ஹாலில் பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்தது. யார் யார் குடிவருவார்கள் என்று ஒருத்தர் கேட்டார். H-1 விசாவில் வேலைக்கு வந்த பையன்கள்தான், ஒரு வீட்டில் ஆறு பேர் அடைந்துகொண்டு கிடப்பார்கள் என்று நம் ஆள் ஒருவரே பதில் சொன்னார். நஞ்சுண்டனும் தலையை ஆட்டினார். 90இல் சன்னிவேலில் இரண்டு ரூமில் ஆறு பேரில் ஒருவராகக் கிடந்து, குளியலறைக்கு வரிசையில் நின்றவர் அவர். கல்யாண ஆல்பத்துக்கு அடுத்த ஆல்பத்தில் அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது. ஆறு பேரும் பனியனோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

டீ கொண்டுபோனபோது மேஜையில் அந்தத் திட்டத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. எல்லாரும் அதன் மேலே கோப்பையை வைத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளி கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தாள். தினமும் காலால் அளந்த நிலம், அவளுக்கு வழி தெரியாமல் போகுமா? இங்கே ஸ்டேஷன். இங்கே ஒற்றையடிப் பாதை. கட்டடம் எங்கே என்று தேடினாள். ஸ்டேஷனை ஒட்டி நாலு சின்னக் கட்டம், அவ்வளவுதான். மீதி வயல் முழுக்க, சீப்புப் பல் மாதிரி வரிசை வரிசையாகக் கோடு. அவளுடைய மேடு, நாலு குஞ்சு பொரித்த அந்த மூலை, அந்தக் கோடுகளுக்கு அடியில் கிடந்தது.

"இந்தக் கோடெல்லாம் என்னதுங்க?" என்று கேட்டாள்.

"பார்க்கிங்" என்றார் நஞ்சுண்டன். "ஒரு வீட்டுக்கு ரெண்டு கார் நிறுத்தற எடம் கட்டாயம் குடுக்கோணும். அதும் பத்தாதுன்னு நாம சொல்றோம். நம்ம தெருவுல வந்து நிறுத்துவாங்கல்ல? வீட்டுக்கு மூணு கேட்டிருக்கோம்."

வள்ளி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் சட்டையில் ஆந்தையும் அவளைப் பார்த்தது. மூணு கேட்டால் வயலில் புல் முளைக்கக்கூட மண் மிஞ்சாதே என்று இருபது பேரில் ஒருத்தருக்குமா தோன்றவில்லை? படித்தவர்கள், எஞ்சினியர்கள், இரண்டு டாக்டர் வேறு. கார் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற பொருளாகவே இல்லை. அது உடம்போடு ஒட்டிப் பிறந்த மாதிரி, அதற்கு இடம் கேட்பது மூச்சுவிட இடம் கேட்பது மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் லிண்டா வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விசாரணையில் நீதான் பேச வேண்டும் என்றாள். ஆந்தைகளைத் தினமும் பார்க்கிறவள் நீ ஒருத்திதான். மூன்று நிமிஷம் போதும், நானே எழுதித் தருகிறேன், வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடு. புடவை கட்டிக்கொண்டு வந்தால் இன்னும் அழகாக இருக்கும். எல்லாரும் கை தட்டினார்கள். நஞ்சுண்டனுக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு வள்ளி பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "ஏன் அந்த வயல்ல நடக்கறீங்கன்னு அங்க கேட்டா என்னன்னு சொல்றதுங்க?"

"உடம்புக்கு நல்லதுன்னு வாக்கிங் போறேன்னு சொல்லு."

"வேலைக்குப் போறேன்னு சொல்லக் கூடாதுங்களா?"

"அது எதுக்கு? ஏன் கார்ல போலைன்னு அடுத்த கேள்வி வரும். பயம்னு சொன்னா அங்க சிரிப்பாங்க. வாக்கிங்னே சொல்லிப்போடு."

வள்ளி குழாயை மூடினாள். பயம் ஒரு பொய், அது போதாதென்று இப்போது வாக்கிங் இன்னொரு பொய். அவள் நடையையும் எடுத்துக்கொண்டார்கள், ஆந்தையையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்து, அவள் குடிபோக நினைத்த வீட்டைக் கட்டுமுன்னே இடிக்க அவளையே அனுப்புகிறார்கள். கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில் ஒரு தெளிவும் இருந்தது.

"சரீங்க" என்றாள். "பேசறேன்."

விசாரணை அன்றைக்கு நகரசபை ஹால் நிரம்பி வழிந்தது. எங்கே பார்த்தாலும் ஆந்தை பட்டன். முன்னால் நாலு கவுன்சிலர்கள், நடுவில் மேயர். பேசுகிறவர் நிற்கிற மேடையில் ஒரு குட்டி விளக்குப் பெட்டி. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும். லிண்டா பேசினாள், டாக்டர் ஒருவர் காற்றைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் டிராஃபிக்கில் தான் படுகிற பாட்டைச் சொல்லிக் கண் கலங்கினார். பிறகு மேயர் தட்டுத் தடுமாறி வள்ளியின் பெயரைப் படித்தார்.

வள்ளி புடவையில் போகவில்லை. லேபுக்குப் போகிற பேன்ட், மண் படிந்த அதே நடை ஷூ. லிண்டா எழுதிக் கொடுத்த தாளை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனாள். பச்சை எரிந்தது. அவள் பேசியது இங்கிலீஷில்தான், ஈரோட்டு காலேஜில் கடைசி பெஞ்சு வரை கேட்கப் பழகின இங்கிலீஷ்.

"அந்த வயலில் நான் தினமும் நடக்கிறேன். உடற்பயிற்சிக்கு நடக்கவில்லை. வேலைக்குப் போக நடக்கிறேன். எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. உங்கள் மாநிலம் என் லைசென்ஸை எடுத்துக்கொண்டது. அது சரிதான், என்னை நம்பி யாரும் ரோட்டில் சாக வேண்டியதில்லை. ஆனால் கார் ஓட்ட எனக்குப் பயம் என்று நாலு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிவந்தோம். அது பொய். எனக்கு எதற்கும் பயமில்லை."

பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அது யாருடையது என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை.

"ஆந்தைகள் இருப்பது உண்மை. முதலில் பார்த்தவள் நான். இந்தத் திட்டத்தால் அவை அழியும் என்பதும் உண்மை. ஆனால் படத்தைப் பாருங்கள். வீடுகள் ஸ்டேஷன் பக்கம் இருக்கின்றன. ஆந்தை மேட்டின் மேலே இருப்பது வீடு இல்லை, கார் நிறுத்துகிற இடம். நான் தண்ணீர் பரிசோதிக்கிற லேபில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்கு ஓடைத் தண்ணீர் பாட்டில் பாட்டிலாக என் மேஜைக்கு வரும். அதில் பிரேக் தேய்ந்த செம்பு இருக்கும், டயர் தேய்ந்த துத்தநாகம் இருக்கும், எண்ணெய் இருக்கும். யார் வீட்டுச் சமையலறையிலிருந்தும் வருவதில்லை அது. பார்க்கிங் லாட்டிலிருந்தும் ரோட்டிலிருந்தும் வருகிறது. அந்த ஓடை போய்ச் சேருகிற வளைகுடாவில் மீன் சாவது அடுக்குமாடியில் ஆறு பேர் தங்குவதால் இல்லை. நாம் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு காரில் வருவதால். இந்த ஹாலுக்கே அப்படித்தானே வந்திருக்கிறோம்?"

மஞ்சள் எரிந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. யாரோ "உட்காரு" என்றார்கள். வள்ளி மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒரு வீடு வேண்டும். முதலில் விண்ணப்பம் போடப் போவது நான்தான். எனக்கு இரண்டு கார் நிறுத்த இடம் கட்டாயம் தருவீர்களாம். என் கமிட்டி மூன்று கேட்கிறது. ஐயா, என்னிடம் கார் இல்லை. இனிமேலும் இருக்கப் போவதில்லை. என்னைப் போலவே கார் ஓட்ட முடியாத வயசானவர்கள் இருப்பார்கள், கண் தெரியாதவர்கள் இருப்பார்கள், கார் வாங்க வக்கில்லாத பையன்கள் இருப்பார்கள். ஸ்டேஷன் வாசலில் குடியிருக்கிறவனுக்கு எதற்கு இரண்டு கார்? என் பங்குக்கு வருகிற இரண்டு இடத்தையும் நான் வேண்டாம் என்கிறேன். அதை அந்த ஆந்தைக்குக் கொடுத்துவிடுங்கள்."

சிவப்பு எரிந்தது. மேயர் மைக்கில் குனிந்து, நேரம் முடிந்துவிட்டது, விளக்கு சிவப்பு என்றார்.

"நான் கார் ஓட்டவில்லை மேயர் அவர்களே, சிவப்பு விளக்கு எனக்கில்லை" என்றாள் வள்ளி. கவுன்சிலர்களில் இருந்த ஒரு கிழவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "இன்னும் ஒன்றே ஒன்று. இவர்கள் எல்லாரும் ஆந்தையைக் காப்பாற்றச் சொல்லுகிறார்கள். நல்லது. கட்டடத்தை நிறுத்தினால், இதே முந்நூறு குடும்பமும் மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது வீடு கட்டிக்கொண்டு, தினமும் இந்த ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டு வரும். அங்கே எந்த வயல், அதில் எத்தனை ஆந்தை என்று இங்கே யாராவது கேட்டீர்களா?"

யாரும் அவளை நிறுத்தவில்லை, தானே முடித்துக்கொண்டு இறங்கினாள். கை தட்டல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பின் வரிசையில் இரண்டு பேர் தட்டினார்கள், அவர்களும் மற்றவர்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார்கள். லிண்டா முகம் சிவக்க உட்கார்ந்திருந்தாள். நஞ்சுண்டனின் நாற்காலி காலி.

கவுன்சிலர்கள் வெகுநேரம் பேசினார்கள். சிரித்த கிழவி, கார் இடத்தைக் குறைத்து, அந்தக் கிழக்கு மூலையைத் தொடாமல் வேறு வரைபடம் கொண்டுவரும்படி கட்டுகிறவர்களிடம் சொன்னால் என்ன என்று கேட்டாள். மூன்றுக்கு இரண்டு என்று அது நிறைவேறியது. கட்டடம் உண்டா இல்லையா என்பது வசந்தகாலத்துக்குத் தள்ளிப் போயிற்று. ஜெயித்தது என்றும் சொல்ல முடியாது, தோற்றது என்றும் சொல்ல முடியாது.

வெளி வராந்தாவில் ஸ்வர்ணா அவளை மறித்தாள். கண் இரண்டும் கலங்கியிருந்தது.

"ஏண்டி, என்கிட்டகூட சொல்லல? நான் பாவி, சாவிய மூஞ்சிக்கு நேரா ஆட்டிண்டே இருந்தேனே. ஒரு தடவ நீ வாங்கி ஓட்டியிருந்தா?"

"அதனாலதான் வாங்கலைங்க" என்றாள் வள்ளி.

"ஆனா இப்படி எல்லார் முன்னாலயும் நம்ம கமிட்டியோட மானத்த வாங்கிட்டியே. இனிமே உனக்கு யார்டி ரைடு குடுப்பா?"

"நீங்க குடுக்கலைன்னா நடக்கறேனுங்க. பழகுன காலுதானே." சொன்ன பிறகுதான் அது உண்மை என்று வள்ளிக்கே பட்டது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஸ்வர்ணாவின் முகத்தைப் பார்த்து, அடுத்து என்ன பொடி அரைத்துக் கொடுக்கலாம் என்று யோசிக்காமல் பேசினாள். ஸ்வர்ணா அவள் தோளை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நஞ்சுண்டன் காருக்குள் இருந்தார். சாவி போட்டிருந்தார், ஸ்டார்ட் பண்ணவில்லை. வள்ளி கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அவர் சட்டையில் பட்டன் இல்லை, குத்தியிருந்த இடத்தில் இரண்டு ஓட்டை தெரிந்தது.

"போட்டு ஒடச்சிட்டியே வள்ளி" என்றார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. "அத்தன பேரு முன்னாடி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணுலியா?"

"ஸ்டேஷன் பக்கத்துல போயிரலாமுன்னு அப்பவே சொன்னனுங்க. நீங்க சிரிச்சீங்க."

"தென்றலுக்கு நாளைக்கு..."

"தென்றலுக்குப் பதினொரு வயசுங்க. அவ அம்மாளுக்கு வலிப்புன்னு தெரிஞ்சு ஓடறவன் ஓடட்டும். ஓடாதவனாப் பாத்துக் கட்டிக்கட்டும். பயந்தாங்கொள்ளி பெத்த புள்ளைன்னு பேரெடுக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலைங்க."

அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பார்க்கிங் லாட்டில் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் காரைத் தேடிப்பிடித்து ஏறினார்கள். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பி, வெளியே போகிற ஒரே வாசலில் முட்டிக்கொண்டு, ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஹாரன் அடித்தது.

"அங்க சொன்னியே, மொதல்ல அப்ளை பண்ணுவேன்னு" என்றார் நஞ்சுண்டன் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நெசமாத்தான் சொன்னியா? கட்டுனா போயிருவியா?"

"போயிருவேனுங்க."

"நானு?"

வள்ளி அவரை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை.

"நீங்களும் வாங்க. நானும் தென்றலும் உங்கள விட்டுட்டா இருக்கப் போறோம்?" என்றாள். "ஆனா என்ற பங்கு எடத்த நான் ஆந்தைக்கு எழுதிக் குடுத்துட்டேனுங்க. வண்டிய எங்க நிறுத்தறதுன்னு நீங்கதான் பாத்துக்கோணும்."